இளங்குடும்பமும் மோட்டார் காரும் ஊர்ப் பயணமும்

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியமர்ந்துள்ள நம் குடும்பங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. வீட்டிலுள்ள கார் பழையதாகிவிட்டது. குழந்தைகள் வளர்ந்து வருகிறார்கள். ஊரில் பெற்றோர் முதுமை எய்தி வருகிறார்கள். காரை மாற்றுவதா, மாற்றினால் எத்தகைய காரை வாங்குவது என்பதே அக்கேள்வி. கேட்ட மாத்திரத்தில் இது வெறும் கடைவீதிக் கேள்வியாகத் தோன்றலாம். ஆராய்ந்து பார்க்கின், மாத வருமானம், குழந்தைகளின் பாதுகாப்பு, ஆண்டு விடுமுறை, பெற்றோரைக் காணும் வாய்ப்பு ஆகிய நான்கும் அதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

விளக்கத்தின் பொருட்டு நாம் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். கிழக்கு டில்லியில் மயூர் விஹார் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அக்குடும்பம் வசிக்கின்றது. கணவர் மத்திய அரசு அலுவலகத்திலும் மனைவி ஒரு வங்கியிலும் பணிபுரிகின்றனர். மகளுக்கு வயது ஆறு, மகனுக்கு இரண்டு. கணவரின் பெற்றோர் திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கின்றனர். வீட்டில் இருப்பது 2011-இல் பதிவான சிறிய பெட்ரோல் கார். இவர்கள் நம் கற்பனையே எனினும், இவர்களைப் போன்றோர் நம்மிடையே பலர் என்பதில் ஐயமில்லை.

இக்குடும்பத்தில் கார் நாள்தோறும் செய்யும் பணி யாது? கணவனும் மனைவியும் மெட்ரோ இரயிலில் அலுவலகம் செல்கின்றனர். காலையில் மகளைப் பள்ளியிலும் மகனைக் குழந்தைகள் காப்பகத்திலும் விடுவதற்குக் கார் வெளியே வருகின்றது. மாலையில் அவர்களை அழைத்து வரவும், காய்கறி வாங்கவும், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்லவும் அது உதவுகின்றது. ஞாயிறன்று இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கோ நண்பர் வீட்டுக்கோ செல்வதுண்டு. நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் எனக் கொள்ளின், முந்நூற்றைம்பது நாட்களில் 7,000 கிலோமீட்டர் ஆகும். ஒரு காருக்கு இது பெரிய உழைப்பன்று.

ஆயினும், புதிய கார் வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், இந்த முந்நூற்றைம்பது நாட்களும் மறந்துபோகின்றன. எஞ்சிய பதினைந்து நாட்களே கண்முன் நிற்கின்றன. எழுவர் அமரும் பெரிய கார் ஒன்றை வாங்கிவிட்டால், டில்லியிலிருந்து நேரே ஊருக்கு ஓட்டிச் செல்லலாம். தாத்தாவையும் அப்பத்தாவையும் ஏற்றிக்கொண்டு பழனிக்கும் மதுரைக்கும் போய் வரலாம் என்று உள்ளம் கணக்கிடத் தொடங்குகின்றது. இந்த ஆசையில் குற்றமில்லை. பெற்றோர்மீது கொண்ட அன்பே அதன் வேர். ஆனால் அந்த அன்பு நிறைவேறுவதற்கு அப்பெரிய கார்தான் வழியா என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சாலையைப் பார்ப்போம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை. டில்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாக அது திண்டுக்கல்லை அடைகின்றது. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, பகலில் மட்டும் ஓட்டினால், நாளொன்றுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் செல்வது அறிவுடைமையாகாது. அவ்வாறாயின் போவதற்கு ஐந்து நாள், வருவதற்கு ஐந்து நாள். பதினைந்து நாள் விடுப்பில் பெற்றோருடன் இருப்பதற்கு எஞ்சுவது ஐந்தே நாட்கள்.

செலவையும் கருதுவோம். போக வர 5,000 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் காராயின் ஏறத்தாழ 333 லிட்டர் எரிபொருள் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என முழு எண்ணாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 33,300 ரூபாய் ஆகும். வழியில் எட்டு இரவுகள் தங்கும் செலவும் உணவும் தனி. சுங்கக் கட்டணமும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் சொந்தக் கார்களுக்கென 2025 ஆகஸ்டு 15 முதல் 3,000 ரூபாய்க்கு ஓராண்டு அல்லது இருநூறு கடப்புகளுக்கான பாஸ்டேக் சலுகைச் சீட்டு நடைமுறைக்கு வந்தமையால், அப்பளு மட்டும் ஓரளவு குறைந்துள்ளது.

இனி இரயிலைப் பார்ப்போம். 1976 முதல் ஓடிவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டில்லியில் இரவு புறப்பட்டு, 2,182 கிலோமீட்டரைக் கடந்து, இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்துச் சென்னை சேர்கின்றது. நிஜாமுதீன் நிலையத்திலிருந்து வாரத்தில் சில நாட்கள் புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸும் திண்டுக்கல்லிலேயே நின்று செல்கின்றன. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் எனக் கொண்டாலும், பதினைந்து நாளில் பதினொரு நாட்கள் பெற்றோருக்குக் கிடைக்கின்றன. சாலைவழி கொடுப்பது ஐந்து. இருப்புப்பாதை கொடுப்பது பதினொன்று. பேரக் குழந்தைகளுக்காக ஓராண்டு முழுதும் காத்திருக்கும் முதியோருக்கு இந்த ஆறு நாள் வேற்றுமை சிறிதன்று.

இரயில் பயணத்துக்கு வேண்டுவது முன்யோசனை ஒன்றே. முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது பயண நாள் நீங்கலாக 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. எனவே பொங்கலுக்காக ஜனவரி 10-இல் புறப்பட எண்ணுவோர் நவம்பர் 11 காலை எட்டு மணிக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிடில் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமாயின் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். இரண்டு நாள் பயணத்தில் ஆறு வயது மகளுக்குப் படுக்கை இன்றியமையாதது; ஆகவே அவளுக்கு முழுச் சீட்டே எடுத்துவிடுவது நன்று.

ஊரில் இறங்கியபின் பழனிக்கும் மதுரைக்கும் செல்ல வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளலாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துடைய வண்டியே வாடகைக்கு உரிமம் பெற்றது. நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையுள்ள தனியார் காரை வாடகைக்கு எடுத்து விபத்து நேரின், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்க மறுக்கக் கூடும். முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்பவர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. பெங்களூரில் வாழும் குடும்பத்துக்குத் திண்டுக்கல் ஒரே பகலில் சென்றடையக் கூடிய தொலைவு. மாதம் ஒருமுறை ஊருக்குச் செல்வோருக்குக் காரின் பயன் வேறு. ஒரே பகலில் களைப்பின்றி அடையக் கூடிய தொலைவாயின் காரைப் பற்றி எண்ணலாம். அதற்கு மேற்பட்டால் இரயிலைப் பற்றி எண்ணலாம். அவரவர் ஊர்த் தொலைவைக் கொண்டு அவரவரே முடிவு செய்துகொள்ள இது ஓர் எளிய அளவுகோல்.

இனிப் பணத்தின் பக்கம் திரும்புவோம். அன்றாடத் தேவைக்குப் போதுமான சிறிய கார் 8 லட்சம் ரூபாய் என்றும், எழுவர் அமரும் கார் 14 லட்சம் ரூபாய் என்றும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6 லட்சம். அத்தொகையை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெறின், மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். மொத்த வட்டி 1,47,000 ரூபாய்க்குச் சற்று மேல். தவணையைக் குறைக்க எண்ணி ஏழாண்டு எடுத்துக்கொண்டால், மாதம் 9,653 ரூபாயாகக் குறையும். ஆனால் வட்டி 2,10,000 ரூபாயைத் தாண்டும். தவணை சிறுத்தால் கடன் நீளும் என்பதை விற்பனையாளர் நமக்கு எடுத்துரைக்க மாட்டார்.

ஐந்தாண்டுத் தவணையை ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிறிதே குறைவு. இந்தத் தொகையில் நால்வரும் ஆண்டுக்கு இருமுறை குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டியில் ஊருக்குச் சென்று திரும்பலாம். ஊரில் வாடகைக் காரும் அமர்த்தலாம். அதன் பின்னும் கணிசமான தொகை மிஞ்சும். ஆகவே பெரிய காரை வாங்கி ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாட்கள் பெற்றோருடன் தங்குவதா, சிறிய காரை வாங்கி ஆண்டுக்கு இருமுறை நிறைவாகத் தங்குவதா என்பதே இங்கு மெய்யான கேள்வி. பெற்றோரின் முதுமையை நினைக்கும்போது, இக்கேள்விக்கு விடை காண்பதில் காலந்தாழ்த்தலாகாது என்பதும் விளங்கும்.

அன்றாடத்துக்கெனக் காரைத் தேர்ந்தெடுப்பதாயின், எவற்றைப் பார்க்க வேண்டும்? முதலாவது குழந்தைகளின் பாதுகாப்பு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை இடுப்புப் பட்டையோ குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வது 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். அபராதம் கிடக்கட்டும்; மடியில் அமர்த்திய குழந்தையை மோதலின் வேகத்தில் எந்தத் தாயாலும் இறுகப் பிடித்திருக்க இயலாது. இரண்டு வயது மகனுக்குப் பின் இருக்கையில் பொருத்தும் தனி இருக்கை வேண்டும். பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையைக் காற்றுப்பைக்கு எதிரே முன் இருக்கையில் வைத்தல் கூடவே கூடாது. விரியும் பை குழந்தைக்கே ஊறு செய்யும். புதிய காரின் மோதல் சோதனைத் தரத்தை, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மதிப்பீட்டில் கண்டு தெளியலாம்.

இரண்டாவது எரிபொருள். ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு டீசல் தேவையில்லை. பெட்ரோல் வண்டியே போதும். இயற்கை எரிவாயு வண்டியில் எரிபொருள் செலவு குறையும். ஆனால் பின்புறச் சாமான் அறையைப் பெரும்பாலும் உருளை அடைத்துக்கொள்ளும். மின்சாரக் கார் நகரத்துக்குப் பொருத்தமே. எனினும் அடுக்குமாடி வீட்டில் நாம் வண்டி நிறுத்தும் இடத்தில் மின்னேற்றும் வசதி செய்ய இயலுமா என்பதைக் குடியிருப்போர் சங்கத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சின் கொண்ட பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். சிறிய காரின் பக்கம் தராசு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பழைய காரின் கதி. சொந்தக் காருக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் டில்லியும் அதைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரமும் இதில் தனி வழியில் செல்கின்றன. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளையும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளையும் ஓட்டலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் வழங்குவதும் தடுக்கப்பட்டு, சில நாட்களில் அத்தடை நிறுத்திவைக்கப்பட்டது. வயது ஒன்றையே காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் கூறிற்று. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் நிலை 4-உம் அதற்கு மேற்பட்ட தரமும் உடைய வண்டிகளுக்கே பொருந்தும் என வரையறுத்தது.

ஆணைகள் இவ்வாறு மாறி மாறி வந்துள்ளமையால், தலைநகர் வட்டாரத்தில் வாழ்வோர் தம் வண்டியின் பதிவுச் சான்றில் பதிவு நாளையும் மாசுத் தரத்தையும் முதலில் பார்த்துக்கொண்டு, அன்றைய நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் அறிந்துகொள்ளல் வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் கார் 2026-இல் பதினைந்தாண்டை எட்டுகின்றது. அதற்கு முன்னரே முடிவு செய்தால் விலையும் கிடைக்கும். மன அமைதியும் கிடைக்கும்.

வழிகள் மூன்று. முதலாவது, வண்டியை ஊரிலுள்ள தம்பிக்கோ மைத்துனருக்கோ அனுப்புவது. அவ்வாறு செய்வதாயின், பதிவு செய்த அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தின் மூலம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருக்குமாயின், அங்குப் புதிய பதிவெண் பெறுவது சட்டப்படி கட்டாயம். அம்மாநிலச் சாலை வரியும் செலுத்த வேண்டும். பழைய வண்டியின் மதிப்பையும் இந்தச் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தே அனுப்புதல் நன்று.

இரண்டாவது, விற்பது. பணத்தைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்ததாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது பேரிடருக்கு இடந்தரும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அவ்வண்டி விபத்து விளைவிப்பின் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஆதலின் 29, 30 எண்ணுள்ள படிவங்களைக் கொடுத்து, பெயர் மாற்றம் பதிவானதை நாமே பார்த்து உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பழைய கடன் இருந்திருப்பின், 35-ஆம் படிவத்தால் வங்கியின் அடமானக் குறிப்பை முன்னதாக நீக்க வேண்டும். பாஸ்டேக் கணக்கையும் மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, வண்டி விற்பனைக்கும் தகுதியற்றுப் போயிருப்பின், அரசு அங்கீகாரம் பெற்ற வாகனச் சிதைப்பு நிலையத்தில் ஒப்படைப்பது. அங்குத் தரப்படும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால், புதிய சொந்தக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடமளிக்கின்றன. எவ்வளவு என்பது மாநிலத்தைப் பொறுத்தது. சான்று பெறாமல் பழைய இரும்பு வியாபாரியிடம் தள்ளிவிடுவது தவறு. பதிவேட்டில் வண்டி நம் பெயரிலேயே நீடிக்கும்.

பலரும் இழந்துவிடும் நன்மை ஒன்றுண்டு. உரிமை கோராமல் காப்பீட்டைப் புதுப்பித்து வந்தோருக்குக் கிடைக்கும் சலுகை, ஐந்தாண்டில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை உயரும். இச்சலுகை உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. பழைய காரை விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றைப் பெற்று, புதிய காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாற்றல் உத்தியோகத்தில் உள்ளோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். மாநிலம் மாறுந்தோறும் பதிவெண் மாற்றும் தொல்லையைத் தவிர்க்க, 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். வரிசைப் பதிவெண் வழங்கப்படுகின்றது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், பொதுத்துறையினரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகங்கள் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதனைப் பெறலாம். பதினைந்தாண்டு வரியை ஒருங்கே செலுத்தாமல், இரண்டாண்டுக்கு ஒருமுறை செலுத்தினால் போதும். இன்று டில்லி, நாளை போபால், மறுநாள் சென்னை என்று வாழும் குடும்பத்துக்கு இது பெரும் உதவி.

பெற்றோர் நம்மிடம் வந்து தங்குவதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டில்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மாசும் பனியும் முதியோர் நுரையீரலை வருத்தும். அம்மாதங்களில் மாசு மிகும்போது, பாரத் நிலை 3 பெட்ரோல் கார்களையும் நிலை 4 டீசல் கார்களையும் ஓட்டத் தடை வருவதுண்டு. ஆகவே அவர்களைப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ அழைப்பது நலம். கார் வாங்கும்போதும், முழங்கால் வலியுள்ளவர் குனியாமலும் ஏறி இடறாமலும் அமரத் தக்க உயரத்தில் இருக்கை உள்ளதா என்று பார்த்துக்கொண்டால், அவர்கள் வந்து தங்கும் நாட்களில் சிறிய காரும் அவர்களுக்கு இசைவாக அமையும்.

கடைக்குச் செல்வதற்கு முன் கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்தல் வேண்டும். நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுக. ஆண்டில் எத்தனை நாள் ஊரில் இருக்க விரும்புகிறோம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை மறுபக்கத்தில் எழுதுக. ஊர்ப் பயணத்துக்குரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு காரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்குக் கடன் பளுவாகாது. ஊரிலுள்ள பெரியவர்களுக்கும் பேரக் குழந்தைகளின் முகம் ஆண்டுக்கு இருமுறை காணக் கிடைக்கும்.